நான்காவது பிரிட்ஜெட் ஜோன்ஸுக்கு முன் எந்தப் படங்களைப் பார்ப்பது?

'பிரிட்ஜெட் ஜோன்ஸ்: மேட் அபௌட் த பாய்' 2025 பிப்ரவரியில் வந்தபோது, முதல் படம் வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டனில் தியேட்டரில் வெளியானது. அமெரிக்காவில் நேராகப் பீகாக் ஓடிடியில் இறங்கியது. இவ்வளவு பிந்தி வந்த நான்காம் பாகத்தைப் பார்க்க உட்காரும் எல்லோருக்கும் ஒரே குழப்பம். முந்தைய மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டுமா, நேராக இதிலேயே இறங்கிவிடலாமா?

கதை புரியுமா என்பது மட்டும்தான் கவலை என்றால், தாராளமாக நேராகப் பார்க்கலாம். கணவனை இழந்த, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு லண்டனில் வாழும் பிரிட்ஜெட் என்ற பெண், திரும்ப வேலைக்கும் காதலுக்கும் வருகிறாள். இதைப் புரிந்துகொள்ள முன்கதை எதுவும் வேண்டாம். ஆனால் இந்தப் படம் நிற்பது கதையின் மேல் அல்ல, ஓர் இழப்பின் மேல். இழந்தது யாரை என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் இதன் பாதிக் காட்சிகளுக்கு உயிர் வரும். அதனால் கீழே ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்: நான்காம் படம் தொடங்கும்போது அவள் இழந்த கணவன் மார்க் டார்சி உங்களுக்கு எவ்வளவு பழக்கமானவனாக இருப்பான்?

ஸ்பாய்லர் பற்றி ஒரு வார்த்தை. மார்க் இறந்துவிட்டான் என்பது ட்ரெய்லரிலேயே உண்டு. படத்தின் முதல் சில நிமிடங்களிலும் வந்துவிடுகிறது. அதை இங்கே மறைக்கவில்லை. முதல் மூன்று படங்களின் முடிவுகளும் ஒப்பீட்டுக்குத் தேவைப்படுவதால் வருகின்றன. நான்காவதில் பிரிட்ஜெட் யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நேரக் கணக்கு

முதல் படம் 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி' (2001) 97 நிமிடம். இரண்டாவது 'தி எட்ஜ் ஆஃப் ரீசன்' (2004) 108. மூன்றாவது 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் பேபி' (2016) 123. நான்காவது ஏறக்குறைய 125. நான்கையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம். முதலும் நான்காவதும் மட்டும் என்றால் மூன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவதை விட்டு மூன்று படங்கள் என்றால் ஐந்தே முக்கால். நான்குமே அமெரிக்காவில் 'ஆர்', பிரிட்டனில் '15' தரச்சான்று பெற்றவை. குடும்பத்தோடு பார்க்கத் திட்டமிடுபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் குழந்தைகள் நிறைய வருகிறார்கள் என்பதற்காக அது குழந்தைகள் படம் ஆகிவிடாது. படுக்கையறைப் பேச்சும் காட்சியும் மற்ற மூன்றில் இருப்பதுபோலவே இதிலும் உண்டு.

நேராக நான்காவது

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், பிரிட்ஜெட்டாக வரும் ரெனே செல்வெகருக்காகவோ, பூங்காக் காவலன் ராக்ஸ்டராக வரும் லியோ வுடாலுக்காகவோ, அறிவியல் ஆசிரியர் வாலிகராக வரும் சிவெடெல் எஜியோஃபோருக்காகவோ படத்தைப் பார்க்க வருபவர்களுக்கு. வுடாலும் எஜியோஃபோரும் தொடருக்குப் புதியவர்கள். அவர்கள் வரும் காட்சிகளில் பழைய சுமை எதுவும் இல்லை. மரத்தில் ஏறி மாட்டிக்கொண்ட பிள்ளைகளோடு பிரிட்ஜெட் தவிக்கும்போது ராக்ஸ்டர் வந்து சேர்வது, எப்போதும் விசிலோடு திரியும் வாலிகர் பள்ளி வாசலில் அவளை முறைப்பது எல்லாம் தன்னளவில் நிற்கும் நகைச்சுவை.

எது தவறிப்போகும் என்பதைத் தொடக்கக் காட்சியை வைத்தே சொல்லிவிடலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பிரிட்ஜெட்டின் பழைய காதலன் டேனியல் கிளீவர் வீட்டுக்கு வந்துவிடுகிறான். பிரிட்ஜெட் ஒரு விருந்துக்குக் கிளம்புகிறாள். வழியில் மார்க் வந்து சேர்ந்துகொள்கிறான். நீளக் கோட்டு, அதே இறுக்கமான முகம், அதற்குள் ஒளிந்திருக்கும் சிரிப்பு. இருவரும் சேர்ந்தே அந்த வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். கதவு திறக்கிறது. நிற்பது அவள் மட்டும். அவன் சூடானில் மனிதாபிமானப் பணியில் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

தொடரைத் தெரிந்தவருக்கு இந்தக் காட்சியில் நடப்பது ஒன்று, தெரியாதவருக்கு நடப்பது வேறொன்று. தெரிந்தவர், மார்க் தெருவில் தோன்றியவுடனேயே பழைய ஆளைப் பார்த்த மகிழ்ச்சியில் இருப்பார். ட்ரெய்லரில் பார்த்ததைக்கூட ஒரு கணம் மறந்திருப்பார். கதவு திறக்கும்போது அந்த மகிழ்ச்சி பிடுங்கப்படுகிறது. தெரியாதவருக்கோ, யாரோ ஒரு கணவன் வந்தான், அவன் நினைவுதானாம் என்ற தகவல் மட்டும் கிடைக்கிறது. மார்க்காக நடிக்கும் கோலின் ஃபிர்த் இந்தப் படத்தில் வரும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சில நிமிடங்களில் ஒரு புதுப் பார்வையாளருக்கு மார்க்கைப் பழக்கப்படுத்த இயக்குநர் மைக்கேல் மோரிஸ் முயலவே இல்லை. அந்த வேலையை முந்தைய படங்கள் முடித்துவிட்டன என்ற நம்பிக்கையில் எடுத்திருக்கிறார்.

இன்னொரு சிக்கல் டேனியல். புதிதாக வருபவருக்கு அவன் வயதான, வாய்க்கொழுப்புள்ள, எப்படியோ அன்பான ஒரு குடும்ப நண்பன். பிள்ளைகள் அவனை மாமா போலக் கொண்டாடுகிறார்கள். இந்த ஆள் ஒரு காலத்தில் பிரிட்ஜெட்டை எப்படி ஏமாற்றினான், மார்க்குக்கும் அவனுக்கும் என்ன பகை என்பது தெரியாவிட்டால், மார்க்கின் பிள்ளைகளை டேனியலின் கையில் கொடுத்துவிட்டு அவள் போவதில் இருக்கும் நம்ப முடியாத மாற்றம் யாருக்கும் உறைக்காது. டேனியலாக வரும் ஹியூ கிராண்டின் நடிப்பு மட்டும் மிஞ்சும். மோசமில்லைதான், ஆனால் படம் கொடுக்க வந்தது அதைவிட அதிகம்.

முதலும் நான்காவதும்

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். 97 நிமிட முதலீட்டில் கிடைக்கும் பலன் வேறெந்த வழியிலும் இல்லை. காரணம், நான்காவது படம் பேசிக்கொண்டிருப்பது முதல் படத்தோடுதான். இரண்டாவதோடும் மூன்றாவதோடும் அவ்வளவு இல்லை.

ஷாரன் மகுவைர் இயக்கிய முதல் படம், ஹெலன் ஃபீல்டிங் 1996-இல் வெளியிட்ட நாவலின் திரைவடிவம். ஃபீல்டிங்கோடு ஆண்ட்ரூ டேவிஸும் ரிச்சர்ட் கர்ட்டிஸும் திரைக்கதை எழுதினார்கள். செல்வெகருக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்ததும் இதுவே. கதையின் எலும்புக்கூடு ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலுடையது: முதல் சந்திப்பில் திமிர்பிடித்தவனாகத் தெரிபவன் நல்லவன், இனிக்கப் பேசுபவன் பொய்யன். புத்தாண்டு விருந்தில் மான் படம் போட்ட ஸ்வெட்டரோடு நிற்கும் மார்க் அவளைப் பற்றி மட்டமாகப் பேசுவது அவள் காதில் விழுகிறது. அலுவலக மேலதிகாரி டேனியல் அவளை மயக்குகிறான். மார்க் தன் வருங்கால மனைவியைப் பறித்துக்கொண்டான் என்று அவன் சொல்லும் கதை தலைகீழானது என்பது பிறகுதான் தெரிகிறது.

இதில் கவனித்துப் பார்க்க வேண்டிய காட்சி, பலர் நினைவில் வைத்திருக்கும் தெருச் சண்டையும் அல்ல, பெரிய உள்ளாடையும் அல்ல. தம்பதிகள் மட்டுமே கூடிய ஒரு விருந்து. மேசையைச் சுற்றி ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்கள், முப்பது தாண்டியும் ஏன் இத்தனை பெண்கள் கல்யாணம் ஆகாமல் இருக்கிறார்கள் என்று பிரிட்ஜெட்டைக் கேட்கிறார்கள். எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு அவள் கிளம்பும்போது மார்க் பின்னால் வருகிறான். அவளிடம் உள்ள குறைகளை வக்கீல் தொனியில் வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில், நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே உன்னைப் பிடித்திருக்கிறது என்கிறான். அடுத்த காட்சியில் அவளுடைய நண்பர்கள் அந்த வாக்கியத்தை நம்பமாட்டாமல் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். இன்னும் ஒல்லியாக வேண்டாமா, இன்னும் புத்திசாலியாக வேண்டாமா, அப்படியேவா?

இப்போது நான்காவது படத்தின் முதல் விருந்தை நினைத்துப் பாருங்கள். அதே மாதிரி தம்பதிகள் நிறைந்த மேசை. அதே மாதிரி அக்கறை என்ற பெயரில் குடைச்சல். இன்னும் எத்தனை நாள் இப்படியே இருப்பாய், யாரையாவது பார்க்கக் கூடாதா என்று ஆளுக்கொரு யோசனை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த மேசையிலிருந்து அவளை மீட்டவன் இந்த முறை வாசல்வரைதான் வந்தான். முதல் படத்தைச் சமீபத்தில் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாலிகரும் அப்படித்தான். கடுகடுப்பாக அறிமுகமாகும் ஒரு மனிதரைப் பிரிட்ஜெட் தப்பாக எடைபோடுவது, மான் ஸ்வெட்டர் விருந்தின் இன்னொரு பதிப்பு. டேனியலின் பழைய முகமும் இங்கேதான் இருக்கிறது. இந்த மூன்று இழைகளும் முதல் படத்தில் முளைத்து நான்காவதில் அறுவடையாகின்றன. இடையில் உள்ள இரண்டு படங்களைத் தாண்டியும் அறுபடுவதில்லை.

இந்த வழியின் குறை என்ன? முதல் படம், பனி கொட்டும் லண்டன் தெருவில் ஒரு முத்தத்தோடு முடிகிறது. நான்காவது தொடங்கும்போது அந்த ஜோடிக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவன் இறந்தும்விட்டான். மார்க்கைக் காதலனாகத் தெரியும். கணவனாகவோ அப்பாவாகவோ தெரியாது. தன் அப்பாவை நினைத்து ஏங்கும் மகன் பில்லியின் காட்சிகளில் இந்த இடைவெளி தெரியும். அத்தோடு, பிரிட்ஜெட்டைத் திரும்ப வேலைக்குத் தள்ளிவிடும் டாக்டர் ராலிங்ஸ் (எம்மா தாம்சன்), டிவி தோழி மிராண்டா (சாரா சோலமானி) ஆகியோர் மூன்றாம் படத்தில் வந்தவர்கள். அவர்கள் திரையில் வரும்போது, பழகியவர்கள் சிரிக்கும் இடத்தில் நீங்கள் சும்மா இருப்பீர்கள். கதைக்குப் பழுதில்லை.

இளைய பார்வையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் படத்தின் முதல் அரைமணி நேரத்தில் எடைக் கணக்கும் சிகரெட் கணக்கும் நிறைய வரும். மேலதிகாரி அவளுடைய குட்டைப் பாவாடையைப் பற்றி அனுப்பும் அலுவலக மெசேஜ்கள் அன்று சல்லாபமாக எடுக்கப்பட்டவை. இன்று பார்க்கும்போது நெருடும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சல்லாபம் எங்கே போய் முடிகிறது என்பதைப் படமே காட்டுகிறது. நான்காவதில் டேனியல் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து பேசும் காட்சிக்குக் கனம் வருவதும் அந்த மனிதனின் பழைய மிடுக்கைப் பார்த்திருந்தால்தான்.

இரண்டாவதை விட்டுவிட்டு மூன்று படங்கள்

எங்கள் தேர்வு இதுதான். காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிசையில் ஒரு படத்தைத் தாண்டுவது பலருக்கு உறுத்தும்.

பீபன் கிட்ரன் இயக்கிய இரண்டாம் படம் முதல் படம் முடிந்த சில வாரங்களிலேயே தொடங்குகிறது. மார்க்கின் உதவியாளர் ரெபெக்கா மேல் சந்தேகம், அதனால் பிரிவு, டிவி வேலையாகத் தாய்லாந்துப் பயணம், அங்கே திரும்பவும் டேனியலின் வலை, போதைப்பொருள் வழக்கில் சிறை, மார்க் அவளை வெளியே எடுப்பது, கடைசியில் கல்யாணப் பேச்சு. ஆனால் மூன்றாம் படம் தொடங்கும்போது அந்தக் கல்யாணம் நடந்திருக்கவில்லை. இருவரும் பிரிந்து பல ஆண்டுகள் ஆகி, மார்க் வேறொருத்தியை மணந்து அதுவும் முறியும் நிலையில் இருக்கிறான். அதாவது, இரண்டாவது படம் 108 நிமிடம் எடுத்துக்கொண்டு கட்டிய முடிவை மூன்றாவது படம் முதல் சில நிமிடங்களில் கலைத்துவிடுகிறது. தாண்டினால் அறுபட அங்கே இழையே இல்லை.

அதைவிட, இரண்டாம் படம் மார்க்கைச் சிறுக்க வைக்கிறது. முதல் படத்தில் குறைவாகப் பேசி நிறையக் கவனிப்பவன், இதில் பெரும்பகுதி நேரம் காரணமில்லாமல் விறைத்துக்கொண்டிருக்கிறான். முதல் படத்தில் புதிதாக இருந்த மார்க்–டேனியல் சண்டை இதில் ஒரு நீரூற்றுக்குள் திரும்ப நடக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. தாய்லாந்துச் சிறைப் பெண்களைப் படம் பார்க்கும் விதமும் ரெபெக்காவின் ரகசியத்தைக் கேலித் திருப்பமாகப் பயன்படுத்தும் விதமும் இன்று சங்கடமாக இருக்கின்றன. நான்காவது படத்துக்குத் தயார் செய்ய உட்கார்ந்த ஒருவரை, மார்க் மேல் உள்ள ஒட்டுதலைக் கொஞ்சம் தளர்த்தி அனுப்பும் படம் இது.

மூன்றாவது அப்படியல்ல. 43-ஆவது பிறந்தநாளைத் தனியாகக் கொண்டாடும் பிரிட்ஜெட், ஓர் இசைத் திருவிழாவில் அமெரிக்கரான ஜாக்கையும் (பேட்ரிக் டெம்ப்சி), சில நாள் கழித்து ஒரு ஞானஸ்நான விழாவில் மார்க்கையும் சந்திக்கிறாள். கர்ப்பம். யார் அப்பா என்று தெரியவில்லை. ஃபீல்டிங், டேன் மேசரோடு எம்மா தாம்சனும் சேர்ந்து எழுதிய திரைக்கதை. டாக்டர் ராலிங்ஸின் வாயில் வரும் வரிகளின் கூர்மையில் அது தெரியும். ஜாக் நான்காம் படத்தில் இல்லை. அவனுக்காக இதைப் பார்க்கத் தேவையில்லை. மார்க்குக்காகப் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று இந்தப் படம் சொல்கிறது: எப்போதும் வேலை, எப்போதும் பயணம், வீட்டில் இல்லாத மனிதன். மனித உரிமை வழக்குகளில் மூழ்கிக்கிடக்கும் அவன், போன் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு கட்டத்தில் அதைத் தூக்கி ஜன்னல் வழியே எறிகிறான். நான்காவது படத்தில் அவன் எங்கே, எந்த வேலையில் இறந்தான் என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் அந்த மரணம் திரைக்கதைக்காகச் செருகப்பட்டதாகத் தோன்றாது. அவன் எப்படிப்பட்டவனோ அதன்படியே போயிருக்கிறான். இரண்டு, மருத்துவமனைக்குப் போகும் கடைசிப் பகுதி. போராட்ட ஊர்வலத்தால் தெருவெல்லாம் அடைத்துக்கிடக்க, வலியில் துடிக்கும் பிரிட்ஜெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் இருவரில் மார்க்கின் முகத்தைப் பாருங்கள். வில்லியம் என்று அங்கே பிறக்கும் குழந்தைதான் நான்காவதில் பில்லி. அந்தப் பையனின் துக்கம் உங்களுக்கும் சொந்தமாவது இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால்தான்.

நேரமே இல்லை என்பவர்கள் மூன்றாவதின் கடைசி முக்கால் மணி நேரத்தை மட்டும் பார்த்தாலும் போதும். முழுதாகப் பார்ப்பது மேல்.

டேனியல் விஷயத்தில் மட்டும் ஒரு குழப்பம் வரும். ஹியூ கிராண்ட் மூன்றாவதில் நடிக்கவில்லை. அதனால் படம் டேனியலின் நினைவஞ்சலிக் கூட்டத்தோடு தொடங்குகிறது. விமான விபத்தில் போய்விட்டானாம். கடைசியில் ஒரு செய்தித்தாள் தலைப்பில் உயிரோடு கிடைத்துவிட்டான் என்று வருகிறது. அது கண்ணிமைக்கும் நேரம்தான், தவறவிடுவது சுலபம். தவறவிட்டவர்கள் நான்காவதில் அவன் சாவகாசமாக வீட்டுக்குள் வரும்போது, செத்தவன் எப்படி வந்தான் என்று திகைப்பார்கள். மூன்றாவதின் கடைசி ஷாட்டை விடாமல் பார்த்துவிடுங்கள்.

நான்கையும் வரிசையாக

தொடரையே ஒரு முழுமையாகப் பார்க்க விரும்புபவர்கள், ஹியூ கிராண்டின் ரசிகர்கள், ஒரு நடிகை 31 வயதிலிருந்து 55 வயதுவரை ஒரே பாத்திரத்தோடு வளர்வதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆகியோருக்கு இது தகும். ஜிம் பிராட்பென்ட், ஜெம்மா ஜோன்ஸ் நடித்த அப்பா அம்மா, சாலி ஃபிலிப்ஸ், ஷெர்லி ஹெண்டர்சன், ஜேம்ஸ் காலிஸ் நடித்த மூன்று நண்பர்கள் என்று அதே முகங்கள் நான்கு படங்களிலும் வயதாகிக்கொண்டே வருவதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. நான்காவதில் அப்பா மகளிடம், பிழைத்துக் கிடந்தால் போதாது, நீ வாழ வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் பிளாஷ்பேக் வருகிறது. அந்த அப்பாவோடு எத்தனை படம் பழகியிருக்கிறீர்களோ அத்தனை மடங்கு அது தைக்கும்.

ஒரே நாளில் நான்கையும் ஓட்டுவது மட்டும் வேண்டாம். ஏழரை மணி நேர அயர்ச்சி ஒரு காரணம். நான்காவதுதான் தொடரிலேயே நிதானமான படம். அதைக் களைத்த கண்ணோடு ஆறாவது மணி நேரத்தில் தொடங்குவது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூன்றாவது கல்யாணத்தோடு முடிகிறது. உடனே அடுத்ததைப் போட்டால், பத்து நிமிடத்தில் மாப்பிள்ளை இல்லை. அது துக்கமாக இறங்காது, அதிர்ச்சியாக மட்டும் அடிக்கும், சிலருக்கு எரிச்சலாகக்கூட. தியேட்டரில் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அந்தத் தம்பதி எங்கோ நன்றாக இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஊறுவதற்கு நேரம் இருந்தது. அதைத்தான் படம் பறிக்கிறது. எட்டு ஆண்டு காத்திருக்க முடியாது, ஒரு வாரமாவது விடுங்கள். முதல் படம் ஒரு மாலை, மூன்றாவது அடுத்த மாலை, பிறகு ஒரு வாரம் கழித்து நான்காவது என்பது நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு. இரண்டாவதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் முதலாவதை அடுத்து உடனே பார்த்துவிடுங்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில் அதைச் செருகாதீர்கள். கோபித்துக்கொண்டு நிற்கும் மார்க் கடைசி ஞாபகமாகத் தங்கிவிடுவான்.

ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு

முதல் படத்தை எப்போதோ பார்த்தவர்கள் அதைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். பல ஆண்டு கழித்து ஞாபகத்தில் நிற்பது முயல் வேஷம், தீயணைப்பு நிலையக் கம்பத்தில் சறுக்கல், நீல நிற சூப் போன்றவைதான். நான்காவது தொட்டுக்கொள்வது அவற்றைவிட விருந்து மேசையையும் படிக்கட்டையும் பனியையும். மூன்றாவதைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அது திரும்பத் தேவையில்லை.

அண்மையில் துணையையோ பெற்றோரையோ இழந்தவர்கள், இது ரொமான்டிக் காமெடிதானே என்று நம்பி உட்கார வேண்டாம். தொடக்கத்து வாசல் காட்சி, அப்பாவின் மருத்துவமனை பிளாஷ்பேக், பிள்ளைகள் மார்க்குக்குக் கடிதம் எழுதிப் பலூனில் கட்டிப் பறக்கவிடும் காட்சி, பள்ளிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஆகிய நான்கு இடங்களும் கனமானவை. படம் அவற்றை மலிவாகப் பிழியவில்லை. பக்கத்திலேயே சிரிப்பும் வைத்திருக்கிறது. என்றாலும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, வீட்டில், நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதியோடு பார்ப்பது நல்லது. நேராக நான்காவது என்ற வழி உண்மையிலேயே மற்றவற்றைவிட நல்லதாக அமையும் ஒரே சந்தர்ப்பமும் இதுதான்: மார்க் யாரோ ஒருவனாக இருந்தால் அடி மெதுவாக விழும்.

எந்த வழியில் போனாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்ஜெட்டின் பின்னணிக் குரல் வேகமானது. டேனியலின் ஜோக்குகள் பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் முணுமுணுப்பாக வருபவை. காது பழகுவதற்குள் மூன்று நழுவிவிடும்.

நாவல் வழியாக வருபவர்களுக்கு

நாவல்கள் வெளியான வரிசையும் கதை நடக்கும் வரிசையும் ஒன்றல்ல. முதல் இரண்டும் 1996, 1999. மூன்றாவதாக 2013-இல் வந்தது 'மேட் அபௌட் த பாய்'. மார்க் இறந்த செய்தி வாசகர்களுக்குக் கிடைத்ததும் அப்போதுதான். குழந்தை பிறக்கும் கதை 2016-இல், அந்தத் திரைப்படத்துக்குப் பிறகு நூலானது. அட்டையில் உள்ள ஆண்டை நம்பி வாசித்தால், அப்பா இறந்த பிறகு மகன் பிறப்பான். கதை வரிசைக்கு 2016 நூலை மூன்றாவதாகவும் 2013 நூலைக் கடைசியாகவும் வையுங்கள்.

நூலையும் படத்தையும் மாற்றி மாற்றி எடுப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2016 நூலில் ஜாக் கிடையாது. தகப்பன் யார் என்ற போட்டியில் மார்க்கோடு நிற்பவன் டேனியல். அதை வாசித்துவிட்டு மூன்றாம் படத்தைப் போட்டால், போட்டியாளனின் நினைவஞ்சலியோடு படம் தொடங்கும். 2013 நூலில் டேனியலுக்கு வேலை குறைவு. நான்காம் படத்தில் அவன் ஒரு தூண். நூலில் பிரிட்ஜெட் ட்விட்டரில் ஃபாலோயர்களை எண்ணிக்கொண்டிருப்பாள், படத்தில் அந்த இடத்தை டிண்டர் எடுத்துக்கொண்டது. அடிப்படைக் கதை ஒன்றே என்பதால், முன்கூட்டி வாசித்தால் ராக்ஸ்டர், வாலிகர் இருவரைப் பற்றியும் தெரிந்துவிடும். படத்தைப் பார்த்த பிறகு 2013 நூலை எடுத்தால், திரையில் சில நிமிடங்களே வந்துபோகும் மார்க்கைப் பற்றி அவள் மனதில் ஓடுவதை நிதானமாக வாசிக்கலாம்.